உப்புக் கப்பல் யார் முன்னால் நின்றது

பெரிய மாமா ஒரு தமக்கைக்கு அடுத்து, இரண்டு தங்கைகளுக்கு முன்னால் பிறந்தவர். பள்ளியிறுதி வரை படித்தார். முதலில் ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். பிறகு பழைய அரண்மனையின் கருவூலக் காட்சிக்கூடத்தில் துணிப் பராமரிப்பாளராகச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். அத்தை பள்ளிச் சீருடைகள் தைப்பவர். பிள்ளைகள் இருவர், இருவரும் பெண்கள். வீடு, காட்சிக்கூடத்தின் பின்வாசலுக்கு எதிர்த்தெருவில், ஒரு பூட்டுக் கடையின் மாடியில் இருந்தது. பெரிய மாமாவின் இடது உள்ளங்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு ஒன்று உண்டு. அது விடுதிக் காலத்தது.

இவை யாரும் மறுக்காத செய்திகள். இனி வருவனவற்றில் சிலவற்றை அவர் ஒரு விதமாகவும் அத்தை வேறு விதமாகவும் சொல்வார்கள். வேறுபடுகிற இடங்களில் பெரும்பாலும் அத்தை சொல்வதே சரி.

காட்சிக்கூடத்தின் நடு அறைக்கு விருந்தறை என்று பெயர். அரச குடும்பத்தின் விருந்துப் பாத்திரங்கள் எல்லாம் அங்கே, ஒரு நீண்ட மேசையின் மேல், விருந்தாளிகள் இப்போது வந்து உட்காரப் போகிறார்கள் என்பது போலப் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்துக்குப் பன்னிரண்டு நாற்காலி, தலைமாட்டில் ராஜா நாற்காலி. ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் தங்க முலாம் பூசிய தட்டு. கைப்பிடியில் சிங்கம் படுத்திருக்கும் மூடி போட்ட கிண்ணம். திராட்சைக் கொடி சுற்றி ஏறுகிற மெழுகுவர்த்தித் தண்டுகள். நான்கு வெள்ளிக் குதிரைகள் முதுகில் சுமக்கிற பழத்தட்டு. பார்க்க வருகிறவர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று, "இதுல சாப்பிட்டா சாப்பாடு இறங்குமா" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

எல்லாவற்றிலும் விசேஷமானது உப்புக் கப்பல். முழங்கை நீளம். மூன்று பாய்மரம், வெள்ளித் தகட்டில் பாய், கயிற்றில் தொற்றி ஏறுகிற நகக்கண் அளவு மாலுமிகள். மேல்தளத்தில் உப்புக்கு ஒரு சிறு பெட்டி. கப்பலுக்கு அடியில், வெள்ளி அலைகளுக்குள் மறைந்து நான்கு பித்தளைச் சக்கரம். பின்புறத்தில் சாவி துவாரம். அதன் பக்கத்தில் இருந்த அட்டையில் இவ்வளவுதான் எழுதியிருந்தது: "விருந்தின்போது மேசையில் தானாக ஓடி, உரியவர் முன்னால் நிற்கும்."

உரியவர் யார் என்பதில்தான் சண்டை. மூத்த வழிகாட்டி, ராஜா என்று அடித்துச் சொல்வார். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது மட்டும், பொய் சொன்னவன் முன்னால் நிற்கும் என்பார். அது பிள்ளைகளை வரிசையில் வைக்க. சீட்டுக் கொடுக்கிற அம்மாள் ராணியின் கட்சி. வாசல் காவலாளிக்கு எதிலும் கொலை வேண்டும். அந்த வாரம் யாருக்கு விஷம் வைக்கப் போகிறார்களோ அவர் முன்னால் நிற்கும் என்பது அவருடைய துணிபு.

பெரிய மாமா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே வழிகாட்டியிடம் கேட்டார்:

"ஏன் சார், ஓடற சாமானுக்கு ராஜா யாருன்னு எப்படித் தெரியும்?"

"கிரீடம் வெச்சிருப்பாரே."

"கப்பலுக்குக் கண்ணு இருக்கா?"

"உமக்கு வாய் இருக்கு" என்றார் வழிகாட்டி. அத்தோடு பேச்சு முடிந்தது. ஆனால் கேள்வி முடியவில்லை. வீட்டில் சாப்பிடும்போது தண்ணீர்ச் செம்பை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். கடைசியில் செம்பு யார் முன்னால் நிற்கிறதோ அந்தப் பெண் அதை எடுத்துக் குடித்துவிடும். "கப்பல் கரை சேர்ந்துடுச்சு, சாப்பிடுங்க" என்பார் அத்தை.

அவருடைய பொறுப்பு கப்பல் அல்ல, கப்பலுக்கு அடியில் கிடந்த துணி. மாதத்துக்கு ஒரு முறை, கூடம் மூடியிருக்கும் நாளில், துலக்குபவர்கள் கையுறை போட்டுப் பாத்திரங்களை எடுத்து வைப்பார்கள். அவர் விரிப்பை உருவுவார். துணிக்காரர் உலோகத்தைத் தொடக் கூடாது, துலக்குபவர் துணியைத் தொடக் கூடாது என்பது அந்தக் கூடத்தின் கட்டுப்பாடு. எண்ணெய்க் கை, ஈரக் கை என்று அதற்குக் காரணமும் உண்டு. அத்தனை பொன்னுக்கும் நடுவில் இருந்தவர், ஒரு கரண்டியைக் கூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

விரிப்பு விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருக்கு முன் இருந்தவர் அதை மடித்து அலமாரியில் வைப்பாராம். பெரிய மாமா வந்ததும் அலமாரியைக் காலி செய்துவிட்டார். மேசை நீளத்துக்கு ஒரு மரக் குழல் செய்யச் சொல்லி, விரிப்பைப் பாய் போலச் சுருட்டினார். மேசையிலேயே கம்பளி விரித்து, அதன் மேல் ஈரத்துணியோடு தேய்த்து, ஒரு கோடு, ஒரு மடிப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல் ஆக்குவார். தேய்த்து முடித்ததும் கன்னத்தை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, ஒரு கண்ணை மூடி, நீளவாட்டில் பார்ப்பார். கூடத்தில் அவருக்கு "சமதளம்" என்று பட்டப்பெயர். "சமதளம் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை, உள்ளூரப் பெருமைதான்.

மாடிப்படித் திருப்பத்தில் ஓர் ஓவியம் தொங்கியது. அரச விருந்து. மேசை, மனிதர்கள், நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் கப்பல். அதில் விரிப்பு பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்துப் போட்டது போல மடிப்பு மடிப்பாக நின்றது. நெடுக்கே ஒரு மடிப்பு, குறுக்கே வரிசையாகப் பல. அந்தப் படத்தைத் தாண்டும்போதெல்லாம் பெரிய மாமா முணுமுணுப்பார்: "ராஜா வீட்டுல இஸ்திரிப் பெட்டிக்குக் கூடவா பஞ்சம்."

வீட்டிலோ இதற்கு நேர்மாறு. அத்தை தைப்பது பள்ளிப் பெண்களின் மடிப்புப் பாவாடை. கஞ்சி போட்டு, மர அளவுகோலை வைத்து, கத்தி முனை போல மடிப்பு வைப்பதில் அவர் பேர் வாங்கியவர். "நான் மடிப்பை வெச்சுச் சம்பாதிக்கிறேன், நீங்க மடிப்பை எடுத்துச் சம்பாதிக்கிறீங்க. இந்த வீடு எப்படித்தான் ஓடுதோ" என்பார்.

இப்படியிருக்கையில் கூடத்துக்குப் புதிதாக ஒரு பெண் காப்பாட்சியர் வந்தார். பெரிய மாமாவை விட வயதில் இளையவர், கேள்வி கேட்பதில் மூத்தவர். வந்த வாரமே கப்பலைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது யார் முன்னாடி நிக்கும்?" என்றார். பெரிய மாமாவுக்கு அந்த அம்மாளின் மேல் அந்த நிமிடமே மரியாதை வந்துவிட்டது.

"அதைத்தான் மேடம் நான் வந்த நாள்லேர்ந்து கேக்கறேன்."

"ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும் இல்லையா அண்ணா?"

அப்படி ஒரு வழி இருப்பதாக அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. காப்பாட்சியர் கூடத்தின் இயக்குநரிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். பழைய கடிகாரங்களைப் பழுது பார்க்கிற ஒருவரை அழைத்து வந்தார். வாட்ச்காரர் என்றே எல்லாரும் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் கப்பலைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு, சேர்த்துவிட்டுச் சொன்னார்:

"ஸ்பிரிங் கிழண்டு போச்சு. ஒரு தடவை தாங்கும். அதுக்கு மேல ஓடினா அது உங்க அதிர்ஷ்டம்."

ஓட்டுகிற நாளில் இயக்குநர், காப்பாட்சியர், மூத்த வழிகாட்டி, காவலாளி, வாட்ச்காரர் எல்லாரும் கூடினார்கள். மேசை நடுவில் பாத்திரங்களை விலக்கிப் பாதை விட்டிருந்தது. பெரிய மாமா முந்தின நாள் முழுக்க விரிப்போடு கிடந்திருந்தார். அது போல அவர் அதற்கு முன் தேய்த்ததில்லை. கப்பல் நிற்காமல் போய்விட்டால் பிடிப்பதற்கு ஆள் வேண்டுமே என்று, மடித்த கம்பளியைக் கையில் கொடுத்து அவரைத் தலைமாட்டில், ராஜா நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கம்பளியால் தொடலாம், கையால் அல்ல.

வாட்ச்காரர் கப்பலை மேசையின் வாசல் பக்க முனையில் வைத்துச் சாவி கொடுத்து விட்டார். கப்பல் சற்று முனகியது, பிறகு கிளம்பியது. மாலுமிகள் கயிற்றில் ஏறி இறங்கினார்கள். வழிகாட்டி வாயைத் திறந்தவர் மூட மறந்தார். அது முதல் நாற்காலியைத் தாண்டியது, நடுவைத் தாண்டியது, கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் ஒதுங்கியது, ராணி உட்காரும் இடத்தை லட்சியமே செய்யவில்லை, ராஜா நாற்காலியின் ஓரமாக மேசை மூலைக்கு வந்து, அங்கும் நிற்காமல் இறங்கிவிட்டது. பெரிய மாமா ஓடிப்போய்க் கம்பளியில் வாங்கிக்கொண்டார். வாங்கிய வேகத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். மடியில் கப்பல் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது.

"கடைசியில சமதளம் முன்னாடிதான் நின்னுது" என்றார் காவலாளி. இயக்குநர் சிரிக்கவில்லை.

"கெட்டுப்போன சாமான். வியாழக்கிழமை புதுக் கண்ணாடிப் பெட்டி வருது. உள்ள வெச்சு முத்திரை போட்டுடுங்க. இனிமே இதை யாரும் திறக்க வேண்டாம்."

முத்திரை வைத்தால் வைத்ததுதான். அந்தக் கூடத்தில் முத்திரை வைத்த பெட்டி ஒன்றைத் திறந்ததாக யாருக்கும் நினைவில்லை. பெரிய மாமா எழுந்து, கப்பலைக் கம்பளியோடு நீட்டினார். வாட்ச்காரருக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கப்பலைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் தொங்கிய மெல்லிய தகட்டைச் சுட்டிக் காட்டினார்.

"என் வேலையில குத்தம் இல்ல. இந்த நாக்கு எதுலயாவது தட்டணும். தட்டினா நிக்கும். உங்க மேசை ஐஸ் மாதிரி வழவழன்னு கிடக்கு."

மற்றவர்கள் கலைந்தார்கள். பெரிய மாமா வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றுவதற்குள் அத்தையிடம் சொன்னார்: "கப்பல் போச்சு. இனிமே தெரிஞ்சுக்க வழியே இல்ல. ஆனா ஒண்ணு, வாட்ச்காரர் மேசையைப் பாத்துட்டு ஐஸ் மாதிரி இருக்குன்னாரு. வெளியாள் வாயால இப்படி ஒரு வார்த்தை வர்றது சாதாரணமா?"

அத்தை பாவாடையிலிருந்து தலையை எடுக்காமல் முழுவதையும் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு, ஊசியைப் பல்லில் கடித்தபடி பேசினார்:

"ஏதாவது தட்டினா நிக்கும்னாரு. தட்ட ஒண்ணும் இல்லைன்னாரு. அவரு உங்களைத் திட்டியிருக்காரு. நீங்க அதைப் பாராட்டுன்னு பொத்தி எடுத்துக்கிட்டு வந்திருக்கீங்க."

 பெரிய மாமா, அத்தை தைத்து அடுக்கியிருந்த பாவாடைகளில் ஒன்றை எடுத்து, மடிப்புகளின் மேல் விரலை ஓட்டினார். விரல் ஒவ்வொரு மடிப்பிலும் தட்டி நின்று, தாண்டிப் போயிற்று. அவர் அன்று சாப்பிட்டதாக அவர் சொல்வார். சாப்பிடவில்லை என்பது அத்தை சொல்வது.

மறுநாள் காலை கூடம் திறக்குமுன் மாடிப்படியில் ஏறினார். திருப்பத்தில், ஓவியத்தின் முன்னால், காப்பாட்சியர் ஏற்கெனவே நின்றிருந்தார்.

"நீங்களும் வந்துட்டீங்களா அண்ணா?"

"மேடம், தப்பு என்னுதுதான். அந்த மடிப்பு அங்க இருக்கணும்னே இருந்திருக்கு. நான் இத்தனை வருஷமா அதைத் தேய்ச்சு எடுத்திருக்கேன்."

"எனக்கு நெடுக்க இருக்கிறது மட்டும்தான் புரிஞ்சுது. கப்பல் ஒதுங்காம நேரா போறதுக்கு, தண்டவாளம் மாதிரி. குறுக்க இத்தனை எதுக்குன்னு தெரியல. ராஜாகிட்ட நிக்க ஒண்ணு போதுமே."

இருவருமாகக் குறுக்கு மடிப்புகளை எண்ணினார்கள். எதிரெதிர் நாற்காலிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு, ராஜாவுக்கு முன்னால் தனியாக ஒன்று. எண்ணி முடித்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மடிப்பில் தட்டிக் கப்பல் நின்றுவிட்டால் மற்றவை எதற்கு என்பது இருவருக்கும் விளங்கவில்லை. விளங்காததைத் தெரிந்துகொள்ளத்தான் இன்னொரு முறை ஓட்ட வேண்டும் என்று காப்பாட்சியர் இயக்குநரிடம் போய் நின்றார்.

"கண்ணாடிப் பெட்டி வந்து இறங்கற வரைக்கும் நேரம். அதுக்கப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்றார் இயக்குநர்.

கண்ணை மூடிக்கொண்டு மடிப்பை எடுக்கத் தெரிந்தவருக்கு வைக்கத் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க முயன்றார். மடிப்புகள் தூங்கி விழுந்தன. கடைசியில் அத்தையைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். அத்தை அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் முறை. தங்கத் தட்டுகளை ஒரு பார்வை பார்த்தார். விரிப்பைத்தான் நின்று பார்த்தார்.

"கஞ்சியைத் தண்ணி மாதிரி கரைச்சிருக்கீங்க. விரலை விட்டா விரல்ல ஒட்டணும். அந்த ஸ்கேலை இப்படிக் குடுங்க."

"மடிப்பு விழற இடத்துல துணி வெட்டிக்கும்."

"பிள்ளைங்க ஓடியாடி விழுந்து எழுந்திரிக்கற பாவாடையே வெட்டிக்கல. இது சும்மா படுத்துக் கிடக்கற துணி."

அத்தை அளவுகோலை வைக்க, பெரிய மாமா தேய்த்தார். நெடுக்கே ஒன்று, குறுக்கே நாற்காலிக்கு ஒன்று, ராஜாவுக்கு ஒன்று. ஒவ்வொரு மடிப்பும் எழுந்து நின்றபோது அவருக்குக் கூச்சமாக இருந்தது. பழக்கத்தில் கன்னத்தைத் தாழ்த்தி ஒரு கண்ணால் பார்த்தவர், உடனே நிமிர்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை முன்பு வந்தவர்களே மறுபடி கூடினார்கள். அத்தை கதவோரம் நின்றார். வெளித் தாழ்வாரத்தில் கண்ணாடிப் பெட்டியோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். பெரிய மாமா கம்பளியோடு தலைமாட்டில்.

வாட்ச்காரர் சாவி கொடுத்தார். கப்பல் கிளம்பியது. இந்த முறை இப்படி அப்படி அசையவில்லை. நடு மடிப்பைப் பிடித்துக்கொண்டு நூல் பிடித்தாற்போல் போயிற்று. முதல் நாற்காலிக்கு நேரே வந்ததும் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

எல்லாரும் காத்திருந்தார்கள். அது நின்றது நின்றபடி இருந்தது. கடைசி விருந்தாளி, வாசலை ஒட்டி உட்காருகிறவர் யாரோ, அவருடைய வெறும் தட்டின் முன்னால்.

"பத்தடி கூட வரல" என்றார் இயக்குநர். தாழ்வாரத்தைப் பார்த்துக் கையசைத்தார். பெட்டிக்காரர்கள் உள்ளே வந்தார்கள்.

பெரிய மாமா கம்பளியை ராஜா நாற்காலியின் மேல் போட்டுவிட்டு நடந்து வந்தார். அவர் எதற்காக வந்தார் என்று பிறகு பலரும் கேட்டார்கள். அவர் சொன்னது இதுதான்: உப்பைக் கொண்டுவந்து ஒருவர் முன்னால் நிறுத்தினால் அவர் என்ன செய்வார் என்று பார்க்கத் தோன்றியது. முதல் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். கையை நீட்டினார். கையுறை இல்லை, காப்பாட்சியர் "அண்ணா" என்றார், அதற்குள் அவர் இரண்டு விரலால் உப்புப் பெட்டியைக் கப்பலிலிருந்து எடுத்துவிட்டார்.

உள்ளே எதுவோ இளகிய சத்தம் கேட்டது. கப்பல் அசையவில்லை. பெட்டி அவர் கையில் இருந்தது. அவர் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்ததாம். ஒரு சிட்டிகை உப்பு எடுப்பது போல எடுத்து, தட்டில் போடுவது போலப் போட்டு, பெட்டியை இருந்த இடத்தில் வைத்தார். வைத்த கணமே கப்பல் கிளம்பியது. இரண்டாவது நாற்காலி வரை போய் 'டக்' என்று நின்றது.

 அத்தைதான் கதவோரத்திலிருந்து சொன்னார்: "அடுத்தவங்க எடுங்க. காத்துக்கிட்டிருக்கு பாருங்க."

காப்பாட்சியர் எடுத்து வைத்தார். வழிகாட்டி கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். வாட்ச்காரர் எடுத்தபோது சிரித்துக்கொண்டே இருந்தார். காவலாளி உப்பை முகர்ந்து பார்ப்பது போல மூக்கருகில் கொண்டுபோனார், விஷத்தை முற்றிலும் கைவிட மனமில்லாமல். பெட்டிக்காரர்கள் இருவரையும் அத்தை விடவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, எடுக்கும் வரை காத்திருந்து, திருப்பி வைத்ததும் நகர்ந்து, சிலருக்கு இரண்டாவது சுற்றும் வரும்படி ஆயிற்று. கடைசி நாற்காலியில் இயக்குநர் தாமே முன்வந்து எடுத்தார். பிறகு கப்பல் முனகிக்கொண்டே போய் ராஜா நாற்காலிக்கு முன்னால் நின்றது. அங்கே எடுக்க யாரும் இல்லை; கம்பளி மட்டும் உட்கார்ந்திருந்தது. அடியில் மெல்லிய ஒலி ஒன்று எழுந்து அடங்கியது. ஸ்பிரிங் அறுந்த ஒலி என்றார் வாட்ச்காரர்.

"அப்ப ராஜாவுக்குக் கடைசியிலயா?" என்றார் அத்தை.

வழிகாட்டி வியர்வையைத் துடைத்தார். "இவ்வளவு காலமா நான் ஊருக்கெல்லாம் பொய் சொல்லியிருக்கேன்."

"பொய் இல்ல சார்" என்றார் பெரிய மாமா. "ராஜா முன்னாடியும்தான் நிக்குது. மிச்சப் பேரை விட்டுட்டீங்க, அவ்வளவுதான்."

இயக்குநர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "கையுறை இல்லாம தொட்டீங்களே, கை கழுவியிருந்தீங்களா?"

"நேத்துலேர்ந்து கஞ்சியில ஊறின கை சார். இந்தக் கட்டடத்துல இதைவிடச் சுத்தமான கை கிடையாது."

நடவடிக்கை எதுவும் இல்லை. கப்பல் அன்றே கண்ணாடிக்குள் போயிற்று, முத்திரையும் வைத்தார்கள். அதன் பிறகு அது ஓடவில்லை. அட்டையில் 'உரியவர் முன்னால்' என்பதை எடுத்துவிட்டு, 'ஒவ்வொருவர் முன்னாலும்' என்று காப்பாட்சியர் மாற்றினார். மரக் குழல் மூலையில் சாத்தப்பட்டது. ஓட ஒன்றும் இல்லாத அந்த மேசையின் விரிப்புக்கு, மாதந்தோறும் பெரிய மாமா கஞ்சி காய்ச்சி, அத்தையின் பழைய அளவுகோலைக் கொண்டு, நாற்காலிக்கு ஒரு மடிப்பு வைத்தார். மாடிப்படி ஓவியத்தைத் தாண்டும்போது முணுமுணுப்பது நின்றுபோயிற்று. பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை.

அந்த விரிப்பை அவர் மடிப்பில்லாமல் தேய்த்தது பதினாறு ஆண்டுகள். மடிப்போடு தேய்த்தது ஒன்பது ஆண்டுகள்.